நவாபும் ஒருவழிப் பாதையும்

"வலப்பக்கம் திருப்புங்க பாய்! வலப்பக்கம்!"

தேரடி முனையில் வட்ட மேடைமேல் நின்றிருந்த ஏட்டு சகாதேவன் கையை நீட்டி வடக்கே காட்டினார். சர்தார் பாய் வண்டியின் முன்பலகையில் எழுந்து நின்று வலப்பக்கக் கடிவாளத்தை இரண்டு கையாலும் இழுத்தார். நவாப் என்கிற அந்த வெள்ளைக் குதிரை, எஜமான் மனம் கோணக் கூடாதே என்று தலையை மட்டும் வலப்பக்கம் சாய்த்தது. பிறகு நிதானமாக இடப்பக்கம் திரும்பித் தெற்கே நடந்தது.

விசில் அலறியது. வண்டி நின்றது. அதுவும் சர்தார் நிறுத்தி நிற்கவில்லை. விசில் சத்தம் பிடிக்காமல் நவாபே நின்றது.

"பாய், பலகையில அம்பு எந்தப் பக்கம் காட்டுது?"

"வடக்கேங்க ஏட்டய்யா."

"உங்க வண்டி எந்தப் பக்கம் போவுது?"

"தெற்கேங்க. ஆனா நான் வடக்கேதாங்க இழுக்கறேன்."

"நீங்க எந்தப் பக்கம் இழுத்தா எனக்கின்னா? சக்கரம் எந்தப் பக்கம் உருளுதோ அதுதான் சட்டத்துக்குத் தெரியும்."

எழுபத்தொன்பதாம் வருஷத்து ஐப்பசி அது. கார்த்திகை தீபத்துக்கு வரும் கூட்டத்தை நினைத்து மேலிடத்திலிருந்து உத்தரவு வந்திருந்தது. திருவண்ணாமலைக் கோயிலைச் சுற்றியுள்ள நான்கு தெருக்களும் இனி ஒருவழிப் பாதை. ஊர் பழகிக்கொள்ளட்டும் என்று ஒரு மாதம் முன்னாலேயே அமலுக்கு வந்துவிட்டது. நான்கு தெருவிலும் கோயில் மதிலோரமாகக் கம்பம் நட்டு, தெருவுக்கொரு பலகை மாட்டியிருந்தார்கள். கோயிலைப் பார்த்து நிற்பவனின் வலக்கைப் பக்கமாகச் சிவப்பு அம்பு நீட்டிக்கொண்டிருந்தது.

அதாவது தேரடியிலிருந்து வடக்கே போய், மேற்கே திரும்பி, மேற்கு வாசல் பேகோபுரத்தைத் தாண்டி, தெற்கு வழியாக வந்து சேர வேண்டும். இந்த ஊரில் பிறந்த எவனும், பிறக்காத எவனும் அப்படிச் சுற்றியதில்லை. சாமியை வலம்தான் வருவார்கள். மலையையும் வலம்தான் வருவார்கள். தாலி கட்டியவனும் வலம்தான் வருகிறான். அம்போ தலைகீழாகச் சுற்றச் சொன்னது.

"இன்னைக்கு முதல் தடவை. எச்சரிக்கையோட விடறேன்," என்றார் சகாதேவன். "ரெண்டாந் தடவை நோட்டுல எழுதிக்குவேன். மூணாந் தடவை வில்லையைக் கழட்டிக் குடுத்துடணும். எல்லாருக்கும் இதுதான்."

சர்தாரின் கை தானாக மார்புக்குப் போனது. சட்டையில் குத்தியிருந்த பித்தளை வில்லையில் இருபத்தேழு என்று எண் இருந்தது. அது இருந்தால்தான் வண்டி ஓட்டலாம். வண்டி ஓட்டினால்தான் அவர் வீட்டில் அடுப்பு எரியும். பதினெட்டு வருஷமாக அந்த வில்லையை அவர் தினமும் புளி போட்டுத் தேய்த்து வந்தார். இதுநாள் வரை ஒரு வழக்கு, ஒரு எச்சரிக்கை, ஒரு அதட்டல்கூட வாங்கியதில்லை. விளக்கில்லாமல் வண்டி ஓட்டியதில்லை. நாலு பேருக்கு மேல் ஏற்றியதில்லை. போலீஸ் இல்லாத முனையிலும் கை காட்டித்தான் திரும்புவார்.

"ஏட்டு சொல்றது நியாயம்தானே?" என்றது வண்டிக்குள்ளிருந்து ஒரு குரல். பெரிய தெருப் பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியை ரேணுகாம்பாள். ஒன்பது வருஷமாக இந்த வண்டியில்தான் பள்ளிக்குப் போகிறார். "ஆனா நியாயத்தைப் பேசிட்டே நின்னா மணி அடிச்சுடுவாங்க."

தவறு யாருடையது என்று பார்த்தால், ரேணுகாம்பாளையும் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். தேரடியில் வலப்பக்கம் திரும்பினால் பள்ளி இரண்டு நிமிஷம். ஆனால் தினமும் ஒரு சுற்று சாமியை வலம் வந்த மாதிரியும் இருக்கட்டும் என்று, இடப்பக்கம் திரும்பி மூன்று தெருவும் சுற்றிப் போகச் சொன்னவர் அவர்தான். மற்ற நேரங்களில் சர்தார் ஏற்றிய யாத்திரிகர்களும் அப்படித்தான் சுற்றினார்கள். ஆக, ஒன்பது வருஷத்தில் நவாப் கோயிலை எத்தனை ஆயிரம் முறை வலம் வந்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அவ்வளவு புண்ணியம் சேர்த்த குதிரை அந்த ஊரில் வேறில்லை. அதைப் போய் ஒரு பலகையைக் காட்டித் திருப்ப முடியுமா?

ஊர் மட்டும் திரும்பிவிட்டது. அதற்குக் காரணம் சகாதேவன்.

அவரைப் பற்றிச் சொல்லாமல் கதையை நகர்த்தினால் பாவம். முதல் நாள் காலையில் ஊரே மேடையைச் சூழ்ந்துகொண்டு, "சாமியை எதிர்ச்சுத்து சுத்தச் சொல்றீங்களே, அடுக்குமா?" என்று கேட்டது. அவர் கோபப்படவில்லை. "கால்ல நடக்கறவங்க எப்படி வேணா சுத்துங்க. சக்கரம் இருந்தா அம்பு காட்டுற பக்கம்," என்றார். அவ்வளவுதான். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. ஏன் பேசவில்லை என்றால், சொன்னவர் முதலில் செய்து காட்டினார்.

அவர் வீடு திருவூடல் தெருவில், மேடையிலிருந்து தெற்கே கூப்பிடு தூரம். சாப்பாட்டு வேளைக்குச் சைக்கிளை எடுத்தவர், வீடு கண்ணுக்குத் தெரிய, வடக்கே மிதித்தார். பெரிய தெரு, பேகோபுரத் தெரு, அப்புறம் திருவூடல் தெரு என்று முக்கால் சுற்று சுற்றித்தான் வீட்டுக்குப் போனார். அவர் மனைவி சந்திரகலா, "சைக்கிளைத் தள்ளிட்டு நேரா வந்தா இன்னா? குழம்பு ஆறிப்போவுது," என்றதற்கு, "தள்ளினாலும் சக்கரம் உருளுதே," என்றார். அப்படிப்பட்டவரை என்ன செய்ய முடியும்? மூன்றாம் நாள் தன் மைத்துனனையே பிடித்து நோட்டில் எழுதினார். அதற்குப் பிறகு ஊரில் ஒரு சைக்கிள்கூட எதிரே வரவில்லை.

பால்காரர் முதல் வக்கீல் வரை அம்பு காட்டிய பக்கம் போனார்கள். மனசுக்கு உறுத்தியவர்கள் வண்டியில் ஒரு சுற்று தலைகீழாகச் சுற்றிவிட்டு, வண்டியை ஓரமாக நிறுத்தி, அந்தப் பாவம் தீர நடந்தே ஒரு சுற்று வலம் வந்தார்கள். சகாதேவனும் டூட்டி முடிந்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டு அப்படி நடந்தார். சட்டத்தையும் விடாமல் சாமியையும் விடாமல் ஒரு ஊர் நடந்துகொண்டதைப் பார்க்க உண்மையிலேயே பெருமையாக இருந்தது.

இடித்தது ஒரே ஒரு குதிரை.

அன்று வீட்டுக்கு வந்த சர்தார் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, நடந்ததை மனைவி சுல்தானாவிடம் சொன்னார்.

"அடிச்சுத் திருப்பறதுதானே?" என்றாள் சுல்தானா.

"நவாபையா? நான் இதுவரைக்கும் சவுக்கை ஈ ஓட்டத்தான் எடுத்திருக்கேன்."

"அப்போ ஆசை காட்டித் திருப்புங்க. வலப்பக்கமா ஒரு கழியை நீட்டி, நுனியில புல்லுக்கட்டைத் தொங்க விடுங்க. புல்லு எந்தப் பக்கமோ குதிரை அந்தப் பக்கம்."

சர்தாருக்கு மனைவியின் மூளையை நினைத்து நெஞ்சு நிறைந்துவிட்டது. மறுநாள் காலையில் மூங்கில் கழியோடும் பச்சைப் புல்லோடும் தேரடிக்கு வந்தார். ரேணுகாம்பாள் புல்லையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

முனை வந்ததும் சர்தார் கழியை வலப்பக்கம் நீட்டினார். நவாப் பார்த்தது. வலப்பக்கம் திரும்பியது!

"திரும்பிடுச்சு ஏட்டய்யா! திரும்பிடுச்சு!" என்று சர்தார் கூவினார். சகாதேவனும் மேடையிலிருந்தபடியே, "பலே பாய்!" என்றார்.

ஆனால் கழி வண்டியோடு கட்டப்பட்டிருந்தது. குதிரை வலப்பக்கம் திரும்பத் திரும்பப் புல்லும் வலப்பக்கமாகவே தள்ளித் தள்ளிப் போனது. நவாப் புல்லை விடாமல் திரும்பிக்கொண்டே போய், சகாதேவன் நின்றிருந்த வட்ட மேடையை ஒரு சுற்று சுற்றியது. பிறகு இரண்டாவது சுற்று. கடைக்காரர்கள் வெளியே வந்துவிட்டார்கள். மூன்றாவது சுற்றின்போது பூக்கடைச் சடையன் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ஏட்டய்யாவை மூணு தரம் வலம் வந்துடுச்சுய்யா! மேடையில சும்மா நிக்காதீங்க, துன்னூறு குடுங்க!" என்றான்.

தேரடி முழுக்கச் சிரித்தது. சகாதேவன் சிரிக்கவில்லை. குதிரை தன் பின்னால் போகும்போதெல்லாம் அவரும் சுற்றிச் சுற்றித் திரும்பியதில் அவருக்குத் தலை சுற்றியது. மூன்று சுற்று முடிந்ததும் நவாப் எம்பிப் புல்லைப் பிடுங்கிக்கொண்டது. மென்றபடியே தெற்கே நடந்தது.

"நோட்டுல எழுதிக்கறேன் பாய்," என்றார் சகாதேவன், மேடைக் குடையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு. "ரெண்டு ஆச்சு. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு."

"எழுதிக்குங்க ஏட்டய்யா. உங்க மேல தப்பே இல்ல," என்றார் சர்தார். அதை மனசாரத்தான் சொன்னார். எழுதுகிறவருக்கும் எழுதப்படுகிறவருக்கும் இப்படி ஒரு மரியாதை இருந்தது அந்தக் காலத்தில்தான் சாத்தியம் என்று நான் சொல்லமாட்டேன். அந்த இரண்டு பேர் அப்படி.

இன்னும் ஒரே ஒரு தடவைதான் மிச்சம். சர்தாருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் லாயத்தில் நவாபைக் குளிப்பாட்டும்போது ஒரு விஷயம் கவனித்தார். நெஞ்சில் கை வைத்துத் தள்ளினால் குதிரை சாதுவாகப் பின்னால் நடந்தது. அவருக்குச் சட்டென்று ஒரு யோசனை வந்தது. அன்று மாலையே மேடைக்குப் போனார்.

"ஏட்டய்யா, ஒரு சந்தேகம். வண்டி வடக்கே போகணும், அவ்வளவுதானே? குதிரையோட மூஞ்சி எந்தப் பக்கம் பார்க்கணும்னு உத்தரவுல போட்டிருக்கா?"

வேறு போலீஸ்காரராக இருந்தால் திட்டி அனுப்பியிருப்பார். சகாதேவன் சட்டைப் பையிலிருந்து உத்தரவு நகலை எடுத்து, கண்ணாடி போட்டு, முதல் வரியிலிருந்து கடைசி முத்திரை வரை படித்தார். இரண்டாம் முறையும் படித்தார்.

"மூஞ்சியைப் பத்தி ஒண்ணும் இல்ல பாய். வண்டி அம்பு காட்டுற பக்கம் உருளணும்னு மட்டும்தான் போட்டிருக்கு."

மறுநாள் சர்தார் தேரடி முனையில் இறங்கி, நவாபைத் தன் விருப்பப்படியே தெற்கே பார்க்கவிட்டார். பிறகு அதன் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினார். மூக்கு தெற்கே இருக்கிறவரை நவாபுக்கு ஆட்சேபம் இல்லை. ஒவ்வொரு அடியாகப் பின்வாங்கியது. வண்டி வடக்கே உருண்டது. சட்டம் காப்பாற்றப்பட்டது.

வண்டியின் பின்பக்கமாகப் பார்த்து உட்கார்ந்திருந்த ரேணுகாம்பாள், "ஒன்பது வருஷத்துல இன்னைக்குத்தான் பாய் நான் போற வழி எனக்கே தெரியுது," என்றார் சந்தோஷமாக.

சந்தோஷம் நூறு அடி தாங்கியது. பின்னால் முறைப்படி வந்துகொண்டிருந்த சைக்கிள்காரர்கள், ஒரு குதிரை தங்களைப் பார்த்து நின்றபடியே தங்களோடு வருவதைக் கண்டு குழம்பினார்கள். எதிரே வருகிறதா, முன்னால் போகிறதா? ஒருவர் மணி அடித்தார். நவாபுக்கு மணிச் சத்தம் விசிலைவிடப் பிடிக்காது. நாலு அடி வேகமாகப் பின்வாங்கியது. வண்டி கோணிக்கொண்டு போய்ச் சடையனின் பூக்கடைக்குள் நுழைந்தது.

சகாதேவன் ஓடி வந்து பார்த்தபோது ரேணுகாம்பாள் வண்டிக்குள் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் மூன்று சாமந்தி மாலை, தலையில் ஒரு கூடை துளசி.

"ஊர்ல எனக்கு இதுவரைக்கும் யாரும் மாலை போட்டதில்ல," என்றார் அவர். "பரவாயில்ல, எடுத்து விடுங்க."

சகாதேவன் மாலைகளை ஒவ்வொன்றாக எடுத்தார். நோட்டையும் எடுத்தார். சர்தாரின் உயிர் பாதி போய்விட்டது. சகாதேவன் வண்டி வந்த தடத்தைப் பார்த்துவிட்டு நோட்டை மூடினார்.

"வடக்கேதான் வந்திருக்கீங்க. ஒருவழிப் பாதையில தப்பு இல்ல. கடைக்குள்ள வந்ததுதான் தப்பு, அதைச் சடையன்கிட்ட பேசித் தீர்த்துக்குங்க. ஆனா இனிமே பின்பக்கமா வரவேணாம் பாய். இந்த ஊரு தாங்காது."

சடையன் பேசித் தீர்க்கிற ஆள்தான். குதிரைக்குத் தின்னக் கொஞ்சம் துளசியும் கொடுத்து அனுப்பினான்.

அடுத்து சர்தார் செய்ததுதான் ஊரையே கலங்க வைத்தது. குதிரை திரும்பாவிட்டால் என்ன, நான் திரும்புவேனே என்று அவர் முடிவுக்கு வந்துவிட்டார். தேரடி முனைக்கு வந்ததும் நவாபை அவிழ்த்துவிட்டார். ஏர்க்காலுக்கு நடுவே தான் புகுந்துகொண்டு வண்டியை வடக்கே இழுத்தார். ஐம்பத்திரண்டு வயது மனிதர். சுமையில்லாத நவாப், சக்கரமில்லாத ஜீவன் என்பதால், சட்டப்படி எந்தப் பக்கமும் நடக்கலாம். அது வழக்கம்போல் தெற்கே கிளம்பி வலமாக வந்தது. இரண்டு பேரும் பேகோபுரத்தடியில் நேருக்கு நேர் சந்தித்துக்கொண்டார்கள். நவாப் நின்று எஜமானை ஏற இறங்கப் பார்த்தது. ஏர்க்காலுக்குள் அவர் என்ன செய்கிறார் என்று அதற்குப் புரியவில்லை. ஒரு முறை கனைத்துவிட்டுத் தன் வழியே போய்விட்டது.

"பாய், இறக்கி விடுங்க," என்றார் ரேணுகாம்பாள். "மனுஷன் இழுக்கற வண்டியில நான் வரமாட்டேன்."

"பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சேம்மா. சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல?"

"அதுக்காக? நீங்க இழுத்து நான் போய்ப் பிள்ளைங்களுக்கு இன்னா சொல்லிக் குடுக்கறது?"

அவர் இறங்கி நடந்தார். மறுநாளிலிருந்து ஒரு வாரம் வேறு யாரும் ஏறவில்லை. சர்தார் வெறும் வண்டியை இழுத்துக்கொண்டு மேடையைக் கடந்தபோது சகாதேவன் வாகனங்களை எல்லாம் நிறுத்தி அவருக்கு மட்டும் வழிவிட்டார். பிறகு விறைப்பாக நின்று ஒரு சல்யூட் அடித்தார். மேலதிகாரிக்குத்தான் அப்படி அடிப்பார்கள். கடைத்தெருவில் ஒருவரும் சிரிக்கவில்லை.

மரியாதை கிடைத்தது. சவாரிதான் கிடைக்கவில்லை. சுல்தானா பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "தீபம் வரைக்கும் எப்படியாவது தாக்குப் பிடிக்கணும். அந்தப் பத்து நாள் ஓடினாத்தான் வருஷம் ஓடும்," என்றாள். சர்தார் வில்லையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

தீபத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது சகாதேவன் சர்தார் வீட்டுக்கே வந்தார். சைக்கிளில் சுற்றித்தான் வந்திருக்க வேண்டும், வேர்த்திருந்தது.

"நாளைக்கு வேலூர்லேர்ந்து போக்குவரத்து அதிகாரி வர்றாரு. இராமலிங்கம்னு பேரு. ஒருவழிப் பாதை எப்படி நடக்குதுன்னு பார்த்து ரிப்போர்ட் எழுதுவாரு. ரொம்ப கண்டிப்பான மனுஷன்."

"உங்களைவிடவா?"

"நாளைக்கு ஒரு நாள் அந்த நாலு தெருப்பக்கம் வராதீங்க பாய். மூணாந் தடவை ஆகிட்டா நான் எழுதித்தான் தீரணும். எழுத வெச்சுடாதீங்க."

கேட்கும்போது ஏட்டின் கண் கலங்கியது. சர்தார் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, வரமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார்.

மறுநாள் அவர் ரயிலடியோடு நின்றார். காட்பாடி ரயில் வந்தது. வேட்டி சட்டையில் ஒருவர், கையில் தோல்பையோடு வந்து வண்டியில் ஏறினார்.

"கோயிலுக்குப் போப்பா."

"சன்னதித் தெரு முனை வரைக்கும் விடறேங்க. அப்பால நாலு எட்டு நடந்துடுங்க. இன்னைக்குத் தேரடிப் பக்கம் போறதில்லைன்னு ஒருத்தருக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"சரி, முனையிலயே விடு."

ஒரு வாரமாகச் சும்மா நடந்து சலித்திருந்த நவாபுக்கு முதுகில் ஏர்க்காலும் வண்டியில் ஆளும் வந்ததும் உற்சாகம் தாங்கவில்லை. துள்ளி ஓடியது. சன்னதித் தெரு முனை வந்தது. சர்தார் கடிவாளத்தை இழுத்தார். இந்தத் தடவை அது மரியாதைக்குக்கூடத் தலையைத் திருப்பவில்லை. தெருவை ஒரே மூச்சில் கடந்து தேரடியில் நுழைந்து, சகாதேவனின் கண்ணெதிரே இடப்பக்கம் திரும்பித் தெற்கே போனது. எதிரே ஒழுங்காக வந்துகொண்டிருந்த முப்பது சைக்கிளும் இரண்டு லாரியும் ஒரே நேரத்தில் நின்றன.

விசில் வந்தது. அது வழக்கமான விசில் இல்லை. பாதியில் உடைந்துபோன விசில்.

சகாதேவன் மேடையிலிருந்து இறங்கி வந்தார். வண்டிக்குள் இருந்தவரைப் பார்த்ததும் காலை ஒன்று சேர்த்து சல்யூட் அடித்தார். சர்தார் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு யாரை ஏற்றி வந்திருக்கிறோம் என்று புரிந்தது.

"ஜீப் ரிப்பேர்," என்றார் அதிகாரி இராமலிங்கம். "என்னய்யா, வண்டியை ஏன் நிறுத்தினே? நான் உக்காந்திருக்கறது தெரியலையா?"

"தெரியுதுங்க சார். சக்கரம் தெற்கே உருண்டதும் தெரியுதுங்க. இவருக்கு இது மூணாந் தடவை." சகாதேவன் வண்டியின் பின்படியைக் காட்டினார். "நீங்க இறங்கணும் சார். வண்டி இதுக்கு மேல இந்தப் பக்கம் போகக் கூடாது."

இராமலிங்கம் இறங்கினார். நிற்கிற சைக்கிள் வரிசையைப் பார்த்தார். ஒருவரும் முண்டவில்லை, ஒருவரும் எதிரே வரவில்லை. ஏட்டைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார்.

"இருபது வருஷ சர்வீஸ்ல, நான் வந்த வண்டியையே நிறுத்தின மொத ஆள் நீதான்," என்றார். "இந்த மாதிரி ஒழுங்கா நடக்கற ஊரையும் நான் பார்த்ததில்ல."

சர்தார் குதிரையைக் குறை சொல்லவில்லை, விசிலைக் குறை சொல்லவில்லை. சட்டையிலிருந்து வில்லையைக் கழற்றி, மேல்துண்டால் ஒரு முறை துடைத்து, சகாதேவனிடம் நீட்டினார். சகாதேவன் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"சார், ஒரு வார்த்தை," என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு ரேணுகாம்பாள் வந்தார். "இந்தச் சட்டத்துக்காக ஒரு வாரம் வண்டியைத் தானே இழுத்த மனுஷன் இவர். இவரைவிட ஒழுங்கான ஆள் இந்த ஊர்ல இல்ல."

"ஆள் ஒழுங்குதாம்மா. குதிரை ஒழுங்கில்லையே," என்றார் இராமலிங்கம். அவருக்கும் மனசு கஷ்டமாக இருந்தது தெரிந்தது. ஆனாலும் அவர் சகாதேவனுக்கே மேலதிகாரி. "ஒரு குதிரைக்காகச் சட்டத்தைத் திருப்ப முடியாது. தீபக் கூட்டத்துல இது இப்படி எதிர்ல புகுந்தா எத்தனை பேரு கால் போகும்? இனிமே குதிரை வண்டி எதுவுமே இந்த நாலு தெருவுக்குள்ள வரவேணாம். அதுக்கு ஒரு பலகை வெச்சுடலாம். கம்பம் நடறது யாரு?"

ஊரில் மொத்தம் முப்பத்தொரு குதிரை வண்டிகள். ஒருவருக்குப் போக வேண்டிய பிழைப்பு இப்போது முப்பத்தொரு பேருக்கும் போனது. சர்தார் நவாபின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டார். கன்னம் நனைந்ததை யாரும் பார்க்கக் கூடாது என்று நினைத்திருப்பார்.

தீபக் கூட்டத்துக்காக மூங்கில் தடுப்புக் கட்டிக்கொண்டிருந்த மண்ணாங்கட்டியைக் கூட்டி வந்தார்கள். அடி அண்ணாமலைக்காரர், ஒப்பந்தக்காரரிடம் கூலி வேலை. ஒரு மாதத்துக்கு முன் அந்த நான்கு பலகைகளையும் மாட்டிவிட்டு அறுவடைக்குப் போனவர், அன்றைக்குத்தான் மறுபடியும் ஊருக்குள் வந்திருந்தார். சைக்கிள் வரிசை வடக்கே பார்த்து நிற்பதையும், ஒற்றைக் குதிரை தெற்கே பார்த்து நிற்பதையும் அவர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்.

இராமலிங்கம் தோல்பையிலிருந்து வரைபடத்தை எடுத்து விரித்தார். "இந்தத் தெருவுல இன்னொரு பலகை வரணும். எதிர்ல, கடைங்க இருக்கற சாரியில நட்டு, கோயிலைப் பார்த்த மாதிரி அடி. பிளான்ல பலகைக்கெல்லாம் அந்தச் சாரிதான் போட்டிருக்கு."

மண்ணாங்கட்டி நகரவில்லை. சுத்தியலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

"அந்தச் சாரியில நின்னு ஆணி அடிச்சா சாமிக்கு முதுகைக் காட்டணுமேங்க," என்றார். "மத்த நாலையும் அங்கதான் அடிக்கச் சொன்னாங்க, நான்தான் மனசு கேக்காம இந்தச் சாரிக்குக் கொண்டாந்து மதிலோரமா அடிச்சுட்டுப் போனேன், அதுல அம்பு அப்படியே எதிர்ப்பக்கம் திரும்பிக்கிச்சு போல, இப்போ பார்த்தா உங்க உத்தரவுப்படி ஒழுங்காப் போறது இந்தக் குதிரை ஒண்ணுதாங்க!"